ஒரே கிருமி, மூன்று மருந்துச் சீட்டுகள்



ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள கனெக்டிகட் மாநிலம், ஜூன் மாதம். ஒரே நாளில் மூன்று பேர் மருத்துவரிடம் வருகிறார்கள்.

முதலாவது, உங்கள் வயதுப் பையன். பத்து நாள்களுக்கு முன் காட்டுப் பாதையில் நடந்து வந்தவன். தொடையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்புத் தடிப்பு, இலேசான காய்ச்சல். இரண்டாவது, ஆறு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் அதே போன்ற தடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம். மூன்றாவது, நாற்பது வயதுத் தோட்டக்காரர். வேலை செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். இதயத் துடிப்பு மிக மெதுவாக இருந்ததால் அவரை உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

மூவருக்கும் ஒரே நோய். அதன் பெயர் லைம் நோய். நோயை உண்டாக்கும் கிருமியும் ஒன்றுதான். ஆனால் பையனுக்கு ஒரு மருந்து, கர்ப்பிணிக்கு வேறொரு மருந்து, தோட்டக்காரருக்கு நரம்பு வழியே ஏற்றும் மூன்றாவது மருந்து.

கிருமி ஒன்று என்றால் மருந்தும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடைதான் இந்த வாரப் பாடம்.

ஊரின் பெயர் நோய்க்கு வந்த கதை

1975இல் கனெக்டிகட்டின் லைம் வட்டாரத்தில் பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. சிறுவர் மூட்டுவாதம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அது அரிதான நோய். ஒரே தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி வரும்? போலி மரே என்ற தாய் இந்தக் கேள்வியை விடவில்லை. தம் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் கண்ட அறிகுறிகளைக் குறித்துவைத்துச் சுகாதார அதிகாரிகளிடம் சென்றார். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டியர் ஆய்வில் இறங்கினார். 1977இல் வெளிவந்த அவரது கட்டுரையில் 51 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களில் 39 பேர் பிள்ளைகள்.

நோயைப் பரப்புவது ஓர் உண்ணி என்பது தெளிவானது. இளம் உண்ணி கசகசா விதை அளவே இருக்கும், கடித்தால் வலிக்காது. ஆகவே கடிபட்ட பலருக்கு அது தெரிவதே இல்லை. 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிவியலாளர் அந்த உண்ணிகளின் குடலுக்குள் நீண்டு சுருண்ட பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயராலேயே அக்கிருமி பொரீலியா பர்க்டார்ஃபெரி எனப்படுகிறது. இத்தகைய சுருள் வடிவப் பாக்டீரியாவுக்கு ஸ்பைரோகீட் என்று பெயர்.

பெரும்பாலும் கடிபட்ட 3 முதல் 30 நாள்களுக்குள், கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் விரியும். சிலருக்கு வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். பலருக்கு ஒரே சீரான சிவப்பாகவே இருக்கும். கவனிக்காமல் விட்டால் கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டு, நரம்பு, இதயம் என்று பரவலாம். தோட்டக்காரருக்கு நேர்ந்தது அதுதான்.

கிருமியை எங்கே அடிப்பது?

நுண்ணுயிர்க்கொல்லி என்பது கிருமிக்கு இருந்து நமக்கு இல்லாத ஒன்றை, அல்லது நம்முடையதிலிருந்து மாறுபட்ட ஒன்றைத் தாக்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும், நம் செல்கள் பிழைக்கும். லைம் நோய்க்குத் தரப்படும் முக்கிய மருந்துகள் இரண்டு இடங்களைக் குறிவைக்கின்றன.

முதல் இடம், செல் சுவர். பாக்டீரியாவுக்குச் செல் சுவர் உண்டு. நம் செல்களுக்கு இல்லை. அமாக்சிசிலின், செஃபுராக்சிம், செஃப்ட்ரையாக்சோன் ஆகியவை பாக்டீரியா சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கின்றன. சுவர் பலவீனமாகிக் கிருமி வெடித்து அழிகிறது.

இரண்டாம் இடம், ரைபோசோம். இது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறை. நமக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு. டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகிறது. இம்மருந்து டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் அறிமுகமானபோது, அதைக் கண்டுபிடித்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரியும். பொரீலியாவுக்கு அதற்குப் பல மணி நேரம் ஆகும். சுவரைக் கெடுக்கும் மருந்து, கிருமி சுவர் கட்டும் நேரத்தில்தான் வேலை செய்யும். கிருமி நிதானமாக வளர்ந்தால் மருந்தும் நாள்கணக்கில் காத்திருந்து அடிக்க வேண்டும். லைம் சிகிச்சை ஓரிரு நாளில் முடியாமல் 10, 14, சில சமயம் 28 நாள்கள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையனின் சீட்டு: டாக்சிசைக்ளின், 10 நாள்

தடிப்பு தெளிவாக இருப்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கவில்லை. நோயின் தொடக்கத்தில் உடல் போதிய எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருக்காது. பரிசோதனை நோய் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும்.

டாக்சிசைக்ளினைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. இந்நிலையில் 10 நாள் சிகிச்சையே போதும். அதே உண்ணி அனாபிளாஸ்மா என்ற வேறொரு பாக்டீரியாவையும் பரப்பக்கூடும். டாக்சிசைக்ளின் அதையும் அழிக்கும், அமாக்சிசிலின் அழிக்காது.

“டெட்ராசைக்ளின் பிள்ளைகளின் பல்லைக் கறைப்படுத்தும்” என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பழைய டெட்ராசைக்ளின்கள் வளரும் பல்லில் உள்ள கால்சியத்தோடு பிணைந்து நிரந்தர மஞ்சள் கறையை உண்டாக்கின. எனவே எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அவை தவிர்க்கப்பட்டன. டாக்சிசைக்ளின் கால்சியத்தோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைவதில்லை. 21 நாள் வரை எந்த வயதினருக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள். சான்று மாறினால் அறிவியலின் விதியும் மாறும்.

கர்ப்பிணியின் சீட்டு: அமாக்சிசிலின், 14 நாள்

கர்ப்ப காலத்தில் டாக்சிசைக்ளினைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அமாக்சிசிலின் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டு நன்கு அறியப்பட்ட மருந்து.

ஆனால் ஒரு சிக்கல். “எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் சாப்பிட்டபோது ஏதோ ஆனது என்று அம்மா சொல்வார்” என்கிறார் அவர். அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பமே. மருத்துவர் உடனே வேறு மருந்துக்குத் தாவவில்லை. “என்ன ஆனது?” என்று கேட்கிறார். தாயாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால், அன்று வந்தது வயிற்றுப்போக்கு மட்டுமே.

பக்க விளைவும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. வயிற்றுப்போக்கு, குமட்டல் ஆகியவை பக்க விளைவுகள்; தொல்லை தரும், ஆனால் அந்த மருந்துக்கு நிரந்தரத் தடை போடத் தேவையில்லை. ஒவ்வாமை என்பது நம் நோய் எதிர்ப்பு மண்டலம் மருந்தையே எதிரியாக நினைத்துப் பாய்வது. உடலெங்கும் அரிப்புத் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அடையாளங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறார். முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை. தவறான முத்திரை ஒன்று கோப்பில் ஏறிவிட்டால், நல்ல மருந்து ஒன்று ஆயுள் முழுவதும் கைநழுவிப் போகிறது.

உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தால்? அசித்ரோமைசின் போன்ற மாற்று உண்டு. ஆனால் அதன் பலன் சற்றுக் குறைவு; ஆகவே அது முதல் தேர்வு அல்ல. அதைச் சாப்பிடுபவரை மருத்துவர் கூடுதலாகக் கவனிப்பார்.

தோட்டக்காரரின் சீட்டு: செஃப்ட்ரையாக்சோன், நரம்பு வழியே

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின் சைகையைக் கிருமித் தொற்று தடுத்துவிட்டது. நிலைமை எந்நேரமும் மோசமாகலாம். எனவே இதயத்தைத் தொடர்ந்து கண்காணித்தபடி, மருந்தை நேராக இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். துடிப்பு சீரானதும் மாத்திரைக்கு மாறலாம். மொத்தம் 14 முதல் 21 நாள். ஊசி மருந்து என்பதால் அது எல்லா நேரத்திலும் ‘பெரிய’ மருந்து ஆகிவிடாது. தோலில் தடிப்பு மட்டும் உள்ளவருக்கு மாத்திரையே போதும்; ஊசியால் கூடுதல் நன்மை இல்லை, கூடுதல் ஆபத்துதான்.

பெயர் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செஃபுராக்சிம், செஃப்ட்ரையாக்சோன் இரண்டும் லைம் கிருமியைக் கொல்லும். அதே குடும்பத்தைச் சேர்ந்த செஃபலெக்சின் கொல்லாது. தடிப்பைச் சாதாரணத் தோல் தொற்று என்று எண்ணிச் செஃபலெக்சின் கொடுத்தால் தடிப்பு விரிந்துகொண்டே போகும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

அமாக்சிசிலினை ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் இரு வேளை. செஃப்ட்ரையாக்சோன் ஒரே வேளை. ஏன்?

இயற்பியலில் கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுளைப் படித்திருப்பீர்கள். மருந்துக்கும் அரை ஆயுள் உண்டு. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. அமாக்சிசிலினுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம். எட்டு மணி நேரத்தில் எட்டு முறை பாதியாகும்: ½, ¼, ⅛ என்று போய் 256இல் ஒரு பங்குதான் மிஞ்சும். செஃப்ட்ரையாக்சோனின் அரை ஆயுள் ஏறக்குறைய 8 மணி நேரம். அதே எட்டு மணி நேரத்தில் பாதி மருந்து இன்னும் இருக்கும்.

ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதை இக்கணக்கே சொல்லிவிடும். மருந்து இல்லாத இடைவெளி கிருமிக்குக் கிடைத்த ஓய்வு நேரம்.

விழுங்கிய பிறகு

சரியான மருந்தைத் தேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதை உடல் தாங்க வேண்டும். தாங்க முடியாமல் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டால் தேர்வு வீணாகிறது. பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமும் தெரியும், வழியும் உண்டு.

நெஞ்செரிச்சல்: டாக்சிசைக்ளின் அமிலத் தன்மை உள்ளது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். ஒரு குவளை நிறையத் தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். விழுங்கிய கையோடு படுக்கைக்குப் போகாதீர்கள்.

குமட்டல்: வெறும் வயிற்றில் டாக்சிசைக்ளின் பலருக்குக் குமட்டும். உணவோடு சாப்பிட்டால் குறையும். ஆனால் அந்த உணவு எது என்பது முக்கியம். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று அமிலத்துக்கான மருந்து ஆகியவற்றில் உள்ள கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம் அயனிகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். எனவே ரொட்டியோடு சாப்பிடலாம். தே தாரேக்கோடு வேண்டாம், அதைச் சில மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

வெயில்: டாக்சிசைக்ளின் சாப்பிடும்போது புற ஊதாக் கதிர் தோலை எளிதில் சுட்டுவிடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, சூரியக் காப்புக் களிம்பு ஆகியவை தேவை. லைம் நோய் அதிகம் வருவது கோடைக் காலத்தில் என்பதால் இது கட்டாயம் நினைவிருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு: மருந்துக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. குடலில் உள்ள நல்லவையும் சாகும். இலேசான போக்கு மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். ஆனால் நாளுக்குப் பல முறை தண்ணீராகப் போனாலோ, இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நல்லவை அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஆபத்தான கிருமி பெருகியிருக்கலாம்.

முதல் நாள் அதிர்ச்சி

நம் பையனுக்கு முதல் மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி. தடிப்பு முன்பைவிடச் சிவந்துவிட்டது. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம்” என்று வீட்டார் பதறுகிறார்கள்.

இது ஒவ்வாமை அல்ல. யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று இதற்குப் பெயர். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் உடைந்த பாகங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைக் கண்டு கொதித்தெழுகிறது. இது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் மூச்சுத் திணறல், முக வீக்கம், உடலெங்கும் அரிப்புத் தடிப்பு வந்தால் அது வேறு கதை. அடுத்த மாத்திரையைத் தொடாமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எது எதுவென்று ஐயம் வந்தால் நீங்களே தீர்மானிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

“இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டால் என்ன?”

முழுச் சிகிச்சை முடிந்த பிறகும் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காட்டினருக்குக் களைப்பு, உடல்வலி, மறதி ஆகியவை மாதக்கணக்கில் தொடர்கின்றன. அவர்களின் துன்பம் உண்மையானது, கற்பனை அல்ல. 10 நாள் மருந்து போதவில்லை என்றால் 3 மாதம் சாப்பிடலாமே என்று அவர்கள் கேட்பதும் இயல்பே.

கேள்வி நியாயமானது என்பதால் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஒரு குழுவுக்கு 30 நாள் செஃப்ட்ரையாக்சோன், பிறகு 60 நாள் டாக்சிசைக்ளின். மற்றொரு குழுவுக்கு மருந்தற்ற போலி மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. முடிவில் இரு குழுவினரின் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 280 பேர். எல்லாருக்கும் முதலில் 2 வாரம் செஃப்ட்ரையாக்சோன். பிறகு 12 வாரம் சிலருக்கு நுண்ணுயிர்க்கொல்லி, சிலருக்குப் போலி மருந்து. அங்கும் அதே முடிவுதான்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சொல்லவும் முடியாது. செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் கால்சியத்தோடு சேர்ந்து படிவை உண்டாக்கக்கூடும். மருந்தேற்ற நரம்பில் நீண்ட காலம் பொருத்திவைக்கும் குழாய் வழியே புதிய கிருமிகள் நுழையலாம். நாள்பட்ட லைம் என்று கூறிச் சிகிச்சை பெற்றபோது கடுமையான தொற்றுக்கு ஆளான ஐந்து பேரின் விவரங்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்டது. அவர்களில் உயிரிழந்தவரும் உண்டு.

சிகிச்சைக்குப் பிறகு துன்பம் தொடர்ந்தால், “இன்னும் மருந்து கொடுங்கள்” என்பதைவிட “இதற்கு வேறு காரணம் உண்டா?” என்று தேடுவதே நல்ல மருத்துவம்.

நாளைய மருந்து

லைம் கிருமியை மட்டும் கொன்று குடலில் உள்ள நல்லவற்றை விட்டுவைக்கும் மருந்து கிடைத்தால்? 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைக்ரோமைசின் ஏ என்ற பழைய சேர்மத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று தயாரிப்பது அது. ஸ்பைரோகீட்டுகள் அதைத் தங்கள் செல்லுக்குள் தாமே இழுத்துக்கொள்கின்றன. மற்றப் பல பாக்டீரியாக்களை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எலிகளில் நோய் குணமானது. மனிதர்களுக்குப் பயன்பட இன்னும் பல படிகள் தாண்ட வேண்டும்.

நம் நாட்டில் லைம் நோய் பரவலாக இல்லை. ஆனால் அதன் உறவுக் கிருமி நமக்குப் புதிதல்ல. வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றில் குளித்த பிறகும் வரக்கூடிய, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமியும் ஒரு ஸ்பைரோகீட்டே. அதற்கும் டாக்சிசைக்ளின், பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் ஆகியவற்றையே பயன்படுத்துகிறார்கள். எனவே இன்று படித்தது தொலைதூர நாட்டுச் செய்தி மட்டுமல்ல.

அடுத்த முறை கிளினிக்கில் மருந்து வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதை எப்படிச் சாப்பிட வேண்டும்? என்ன தொல்லை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம்? என்ன வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

நினைவில் கொள்க

• மருந்துத் தேர்வு மூன்றைப் பொறுத்தது: கிருமி எது, அது உடலில் எங்கே இருக்கிறது, நோயாளி யார்.
• பக்க விளைவு வேறு, ஒவ்வாமை வேறு.
• தேவையான நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். தேவைக்கு மேல் நீட்டிப்பதால் பலன் கூடாது.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒரு மருந்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். 24 மணி நேரத்துக்குப் பின் எத்தனை பங்கு மிஞ்சும்?
2. டாக்சிசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பலன் குறைவது ஏன்?
3. நெதர்லாந்து ஆய்வில் சிலருக்குப் போலி மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால், முடிவை நாம் ஏன் நம்ப முடியாது?